கண்ணும் முகமும் பேசும் மொழி

(எமது சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்குப் பெரிய தலைப்புகள் பல உண்டு. ஆனால் நாம் எல்லோரும் தினமும் செய்துகொண்டிருந்தும், எந்த வகுப்பிலும் பாடமாகப் படிக்காத ஒன்றை இன்று எடுத்துக்கொண்டோம். வாய் திறக்காமல் கண்ணாலும் முகத்தாலும் பேசுவதுதான் அது.

நம்மில் பெரும்பாலானோர் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். வீட்டில், "பெரியவங்க பேசும்போது என்ன நேருக்கு நேர் பார்வை? தலையக் குனி" என்றார்கள். பாடசாலைக்கு வந்தால், "ஏன் நிலத்தைப் பார்க்கிறாய்? என்னைப் பார்த்துப் பதில் சொல்" என்றார்கள். இரண்டும் அன்போடு சொல்லப்பட்டவைதான். ஒரே குனிந்த பார்வை வீட்டில் அடக்கமாகவும், வகுப்பில் பயமாகவோ கள்ளமாகவோ வாசிக்கப்பட்டது. இடையில் நின்ற பிள்ளைக்குத்தான் எதைச் செய்வதென்று தெரியவில்லை.

நேராகப் பார்ப்பது ஏன் இத்தனை பெரிய விடயமாயிற்று என்பதற்கு நம் கண்டியின் வரலாறே ஒரு விளக்கம் தருகிறது. 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் இரண்டாம் இராஜசிங்கனின் அவை வழக்கத்தை எழுதியிருக்கிறார். பிரதானிகள் மும்முறை தரையில் விழுந்து வணங்குவார்கள்; அரசன் முன்னிலையில் முழந்தாளிலேயே இருப்பார்கள்; விடைபெறும்போது முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நகர்வார்கள். 1762இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனிடம் தூது வந்த ஆங்கிலக் கம்பெனியின் ஜோன் பைபஸும் முழந்தாளிட்டே பேச வேண்டியிருந்தது. யார் நிமிரலாம், யார் குனிய வேண்டும் என்பது அன்று அதிகாரத்தின் அளவுகோலாக இருந்தது.

அந்த அரசு 1815இல் முடிந்தது. பழக்கம் முடியவில்லை. தேயிலைத் தோட்டங்களில் துரை வரும் வழியில் தலைத்துண்டை இறக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்ற காலத்தை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே குனிந்த கண்ணைப் பார்த்ததும் "எவ்வளவு அடக்கம்!" என்று நாம் மகிழ்வதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. அது மரியாதையால் குனிந்த கண்ணா, பயத்தால் குனிந்த கண்ணா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கண்ணுக்கு ஒரு தனி வலிமை உண்டு என்பது நம் ஊரின் எல்லாச் சமூகத்தவரும் பகிரும் எண்ணம். குழந்தைக்குக் கண்ணூறு படாமல் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிறோம். சிங்களத் தோழியரின் வீடுகளிலும் இந்தப் பயம் உண்டு. விகாரைகளில் புதிய புத்தர் சிலைக்குக் கண் வைக்கும் நேத்திர மங்கல்யச் சடங்கில், கைவினைஞர் சிலையை நேரே பார்ப்பதில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே கண்ணை வரைவார். பிறகு அவருடைய கண்ணைக் கட்டி வெளியே அழைத்துச் செல்வார்கள். அவருடைய முதற் பார்வை மனிதர் மேல் விழக்கூடாது என்பது ஐதீகம். நம் கோயில்களிலும் கும்பாபிஷேகத்தின்போது மூர்த்திக்குக் கண் திறக்கும் கிரியை உண்டு, நயனோன்மீலனம் என்பார்கள். கல்லானாலும் மரமானாலும், கண் திறந்த பிறகே அது நம்மைப் பார்க்கிறது என்று நம்புகிறோம்.

இந்த நேத்திர மங்கல்யத்தைத் தமது 'மத்தியகால சிங்களக் கலை' என்ற நூலில் 1908இல் விரிவாக எழுதியவர் ஒரு தமிழர். கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள்தான் அவர். கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கைக்குத் திரும்பி, கண்டிய கிராமங்களின் கைவினைஞர்களைத் தேடிச் சென்றவர். அவரே 1917இல், துக்கிரால கோபாலகிருஷ்ணய்யாவோடு சேர்ந்து, நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலத்தில் தந்தார். பரதம் பயின்ற தோழியருக்கு அந்நூல் புதிதல்ல. தலைக்கு 9 அசைவுகள், பார்வைக்கு 8 வகைகள், கழுத்துக்கு 4 அசைவுகள் என்று அது கணக்கிடுகிறது. கையசைவு மட்டும் போதாது, கண்ணும் மனமும் அதனோடு சேர்ந்தால்தான் பார்ப்பவருக்கு உணர்ச்சி எட்டும் என்பது அதன் அடிப்படைப் பாடம்.

ஆனால் நம் ஊரின் கண்டிய நடனத்தைப் பாருங்கள். வெஸ் அணிந்த ஆட்டக்காரரின் கால்களும் கைகளும் உடலும் பேரிகைக்குப் பதில் சொல்கின்றன. முகம் கதை சொல்ல வருவதில்லை. பரதத்தில் முகம் அசையாவிட்டால் குறை, கண்டிய நடனத்தில் அது குறையே அல்ல. இரண்டையும் ஒரே மேடையில் பார்த்து வளர்ந்த நமக்கு, முகத்திடம் ஒவ்வொரு மரபும் வெவ்வேறு வேலையை எதிர்பார்க்கிறது என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

தமிழிலும் இந்த ஆராய்ச்சி பழையது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளையும், ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் அது சொல்கிறது. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று அரசவையில் இருப்பவருக்கு, மற்றது காதலருக்கு. அதிகாரம் உள்ள இடத்திலும் அன்பு உள்ள இடத்திலும் முகக்குறிப்பை அறிவது அவசியம் என்று வள்ளுவர் கருதியிருக்க வேண்டும்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? 1867ஆம் ஆண்டு. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட அதே ஆண்டு. சார்ள்ஸ் டார்வின் உலகின் பல பாகங்களுக்கும் ஒரு கேள்விக்கொத்தை அனுப்பினார். ஆச்சரியப்பட்டால் உங்கள் ஊரில் கண்ணும் வாயும் அகலத் திறக்குமா, புருவம் உயருமா? ஆம் என்பதற்கு மேலும் கீழுமாகத் தலை அசைப்பார்களா? இப்படிப்பட்ட கேள்விகள். இலங்கையிலிருந்தும் அவருக்குப் பதில் போனது. மனித உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய அவருடைய நூல் 1872இல் வெளிவந்தது.

சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க உளவியலாளர் போல் எக்மன், பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் முகப் படங்களைக் காட்டி, மகிழ்ச்சி, கோபம், துயரம் போன்ற சில உணர்ச்சிகளின் முகங்கள் உலகுக்குப் பொதுவானவை என்று வாதிட்டார். 2004 பராலிம்பிக் போட்டியில் ஜூடோ வீரர்களை ஆராய்ந்தபோது, பிறவியிலேயே பார்வையற்றவர்களின் முகமும் வெற்றியிலும் தோல்வியிலும் பார்வையுள்ளவர்களின் முகத்தைப் போலவே மாறியது தெரிந்தது. ஒருவர் முகத்தைப் பார்த்து அவர்கள் அதைக் கற்றிருக்க முடியாது. ஆனால் 2019இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள் இருந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து நோக்கி, முகத்தை மட்டும் வைத்து ஒருவரின் மனநிலையை நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று எச்சரித்தார்கள். கோபத்தில் முகம் சுளிக்காதவர் உண்டு. கோபமில்லாமல், வெறும் யோசனையில் சுளிப்பவரும் உண்டு.

பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் ஒரு கூற்றையும் இங்கே சரிசெய்துகொள்வோம். நாம் சொல்வதில் 7 வீதம்தான் சொல்லில் இருக்கிறது, 93 வீதம் குரலிலும் முகத்திலும் இருக்கிறது என்பார்கள். இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. விருப்பு வெறுப்பைத் தெரிவிக்கையில் சொல்லும் முகமும் முரண்பட்டால் எதை நம்புவோம் என்பதே அங்கு ஆராயப்பட்டது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு? நம்மில் பலர் இன்று ஆசிரியைகள், தாதியர், வைத்தியர்கள், அலுவலர்கள், தாய்மார். பிறருடைய முகத்தை வாசித்துத் தீர்மானம் எடுக்கும் இடத்தில் இருக்கிறோம். அந்த வாசிப்புப் பிழைத்தால் நட்டம் எதிரே நிற்பவருக்குத்தான்.

முதலில் வகுப்பறை. கேள்வி கேட்டதும் ஒரு பிள்ளை கண்ணை விலக்குகிறாள். அவள் கவனிக்கவில்லை என்று முடிவுகட்டலாமா? கடினமான கேள்விக்கு யோசிக்கும்போது பிள்ளைகள் கண்ணை விலக்குவது இயல்பு. மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசிப்பது மனதுக்குக் கூடுதல் வேலை. ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு நேருக்கு நேர் பார்ப்பதே பெரும் சங்கடம். அவர்களைக் கட்டாயப்படுத்தினால் பார்வை கிடைக்கும், பாடம் போய்விடும். இன்னொரு பிள்ளைக்கு வீட்டில் நடப்பது எதையும் வெளியே சொல்ல முடியாத நிலை இருக்கலாம். "என்னைப் பார்!" என்று அதட்டுவதற்குப் பதில், பக்கத்தில் அமர்ந்து, "என்னம்மா, ஏதாவது இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டால் அவள் கண் தானாகவே உயரக்கூடும்.

அடுத்து கிளினிக். தோட்டத்திலிருந்து வரும் ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். தாதி சிங்களத்தில் விளக்குகிறார். தாய் மரியாதையாகச் சிரித்துத் தலையை ஆட்டுகிறாள். விளங்கிவிட்டது என்று தாதி அடுத்தவரைக் கூப்பிடுகிறார். அந்தத் தலையாட்டல் "சரிங்க, கேட்டுக்கிட்டேன்" என்ற பணிவே தவிர, "விளங்கிவிட்டது" என்ற பதில் அல்ல. மருந்து எத்தனை வேளை என்பது அவளுக்குத் தெரியாமலே போகலாம். "வீட்டுக்குப் போய் எப்படிக் குடுப்பீங்க, சொல்லிக் காட்டுங்கம்மா" என்று ஒரு வார்த்தை அவளுடைய மொழியில் கேட்டால் ஆபத்து விலகும். தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் அரசியலமைப்பில் எழுதிவைத்தது. முகம் மொழிக்குத் துணை வரலாம். மொழிக்குப் பதிலாக நிற்கும்படி முகத்தைக் கேட்பது நியாயமல்ல.

மூன்றாவது தெரு. பஸ் தரிப்பிடத்தில் ஒருவன் முறைத்துப் பார்க்கிறான். பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறாள். "நீ ஏன் அங்கே பார்த்தாய்?" என்று அவளையே கேட்கும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. பார்த்தவன் அவன். பார்வையும் ஒரு தொல்லையாகலாம் என்பதை மகள்மாருக்குச் சொல்வதைவிட மகன்மாருக்குச் சொல்லிக்கொடுப்போம்.

இறுதியாக, உயர்தரம் முடித்து நேர்முகப் பரீட்சைக்குப் போகப்போகும் தங்கையருக்கு ஒரு வார்த்தை. கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பதிலைத் தொடங்குங்கள். பேசும்போது மற்றவர்களையும் ஒரு முறை பாருங்கள். யோசிக்கக் கண்ணை விலக்கினால் குற்றமில்லை. பதில் வந்ததும் திரும்பிப் பாருங்கள். கண்ணைப் பார்ப்பது கூச்சமாயிருந்தால் புருவ மத்தியைப் பார்த்தாலும் போதும். நிமிர்ந்து பார்ப்பது பெரியவர்களை அவமதிப்பதாகாது. வீட்டில் அம்மம்மாவின் முன் தலை குனிவதும், நேர்முகப் பரீட்சையில் நிமிர்வதும் ஒரே பெண்ணுக்குப் பொருந்தும். எந்த இடத்தில் எது என்பதைத் தீர்மானிப்பவள் அவளாக இருந்தால் சரி. பயம் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

பைபஸ் வந்து போய் இருபது ஆண்டுகளுக்குப் பின் எழுந்த மகுல் மடுவவில் இன்று பாடசாலைப் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று தூண்களின் சிற்ப வேலையைப் பார்க்கிறார்கள். நமது கல்லூரி இந்த நூறு ஆண்டுகளில் செய்த வேலையும் ஏறத்தாழ அதுவே. பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்கப் பழக்கியது. அடுத்த நூறு ஆண்டுக்கு, இன்னும் நிமிராத பிள்ளையைக் குறைசொல்லாமல், ஏன் என்று கேட்கும் பழக்கத்தையும் நாம் சேர்த்துக்கொள்வோம்.