பழைய படகும் நம் குளியலறையும்

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகளும் மாப்பிள்ளையும் கால்வாயில் ஓட்டுகிற பழைய படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அறை, அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளேயே. முதல் நாளே வீடியோ காலில் சுற்றிக் காட்டினார்கள். அவள் திரைச்சீலையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தரைப்பலகையைத் தூக்கி, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தார்.

அங்கே 4 வருஷத்துக்கு ஒருமுறை படகுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது சரியாகவே இருந்தது. வங்கியில் காகிதம் பார்த்தே காலம் கழித்தவன் சொல்கிறேன்: சான்றிதழ் அது எழுதப்பட்ட நாளைத்தான் சொல்லும். அதன்பிறகு யாரோ குளிருக்காகக் காற்றுத் துவாரங்களில் துணியை அடைத்திருந்தார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அழுத்தினால் சத்தமே இல்லை. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. துணியை உருவி, புது அலாரம் மாட்டிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

நம் குடியிருப்பிலும் சிலர் கொசுவுக்குப் பயந்து குளியலறை ஜன்னலை அடைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே கேஸ் கீசர் இருந்தால் அதே ஆபத்துதான். வீட்டுக்குப் போனதும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.