காந்தமும் வடக்கே தலை வைப்பதும்

(அம்பத்தூரில் மாணவர்களும் ஊராரும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம் காந்தமும் மின்சாரமும் என்பதாகும். இது பள்ளிக்கூடப் பாடமாயிற்றே, பெரியவர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கின்றது என்பதற்குச் சில நாளைக்கு முன் பூந்தமல்லிப் பக்கம் ஒரு வீட்டில் நாம் கண்டதை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

அந்த வீட்டுக்கு அறை ஒன்று. ஜன்னலும் ஒன்றே ஒன்று, அதுவும் வடக்குச் சுவரில். சித்திரை மாதத்து வெயில். பிள்ளை பெற்று எட்டு நாளான பெண்ணைத் தெற்கு மூலையில், அடுப்புச் சூடு வந்து முட்டுகிற இடத்தில் தலை வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். "ஜன்னல் பக்கம் தலை வைத்தால் காற்றாவது வருமே" என்றோம். பாட்டியம்மாள், "வடக்கே தலை வைக்கலாமா ஐயா? அப்படிப் படுத்துத்தானே யானைக்குத் தலை போயிற்று!" என்று பிள்ளையார் கதையைச் சொன்னார். அதில் நமக்கு ஆச்சரியம் இல்லை. பத்தாவது படிக்கும் பேரன் குறுக்கிட்டு, "அது மூட நம்பிக்கை இல்லைங்க, விஞ்ஞானம். பூமி ஒரு காந்தம். இரத்தத்தில் இரும்பு இருக்கிறது. வடக்கே தலை வைத்தால் இரத்தத்தைக் காந்தம் மூளைக்கு இழுத்துவிடும்" என்றானே, அதுதான் ஆச்சரியம்.

பாட்டிக்கு யானை, பேரனுக்குக் காந்தம். தடை ஒன்றேதான், காரணத்துக்கு மட்டும் புதுச் சட்டை போட்டாயிற்று. பாட்டியை விடப் பேரனிடந்தான் நமக்குப் பயம் அதிகம். ஏனென்றால் பாட்டி கதையைக் கதையென்றே சொல்லுகிறார். பையனோ பாடப்புத்தகத்தின் முத்திரையை அதன் மேல் குத்துகிறான்.

பையன் சொன்ன மூன்றில் முதல் இரண்டும் உண்மையே. பூமி காந்தந்தான். இங்கிலாந்தில் கில்பர்ட் என்ற வைத்தியர் காந்தக் கல்லை உருண்டையாகக் கடைந்து, அதன் மேல் சிறு ஊசியை வைத்துப் பார்த்து, 1600-ல் இதை எழுதினார். இரத்தத்தில் இரும்பும் உண்டு. வளர்ந்த மனிதன் உடம்பு முழுவதற்கும் சுமார் 4 கிராம். கோளாறு மூன்றாவது வாக்கியத்தில்தான்.

மாணவர்களே, இதை வீட்டிலேயே பரீட்சை செய்யலாம். ஒரு தையல் ஊசியைக் காந்தத்தால் ஒரே பக்கமாக இருபது முப்பது தடவை தேயுங்கள். அதை ஒரு தக்கைத் துண்டின் மேல் கிடத்தி, பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டு, நடுவில் மிதக்க விடுங்கள். ஊசி திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். ஆனால் வடக்குக் கரைக்கு ஓடுமா? ஓடாது. திரும்பும், அவ்வளவே. 1581-லேயே இலண்டனில் கருவிகள் செய்துவந்த ராபர்ட் நார்மன் என்பவர் இதைச் செய்து காட்டியிருக்கின்றார். ஊசியின் ஒரு முனையைப் பூமி எவ்வளவு வடக்கே இழுக்கின்றதோ, அவ்வளவே மறு முனையைத் தெற்கே இழுக்கின்றது. இரண்டும் சரிக்குச் சரி. ஆகவே ஊசி திரும்புமே ஒழிய நகராது. கையில் உள்ள காந்தத்தைத் தொட்டியோரம் கொண்டு போனால் மட்டும் ஓடி வரும். ஏனெனில், கிட்ட உள்ள முனையை அது அதிகமாகவும் எட்ட உள்ள முனையைக் குறைவாகவும் இழுக்கின்றது. சுத்த எஃகையே பூமி ஓர் அங்குலம் நகர்த்தவில்லை என்றால், இரத்தத்தை எப்படி மூளைக்கு இழுக்கும்?

அன்றியும், இரத்தத்து இரும்பு ஆணி இரும்பு அல்ல. அது அணு அணுவாகப் பிரிந்து வேறு பொருள்களோடு கூடியிருப்பது. பிராண வாயு ஏற்றிய ஹீமோகுளோபினைக் காந்தம் இழுப்பதே இல்லை என்றும், வாயு நீங்கியதை மிக அற்பமாக இழுக்கும் என்றும் பாலிங், கோரியெல் என்ற இரு விஞ்ஞானிகள் 1936-ல் அளந்து காட்டினார்கள். சந்தேகமுள்ளவர்கள் கறிக்கடையில் ஆட்டு இரத்தம் வாங்கிக் காந்தத்தைக் கிட்டே காட்டிப் பார்க்கட்டும்.

பலத்தையும் பார்ப்போம். நம் ஊரில் பூமிக் காந்தத்தின் பலம் சுமார் 0.4 காஸ். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தமோ சாதாரணமாக 15,000 காஸ்; அதாவது சுமார் 37,500 மடங்கு. அதற்குள் நோயாளி அரைமணி நேரம் படுத்துவிட்டு எழுந்து வருகிறார். இரத்தம் ஒரு பக்கம் போய்ச் சேருவதில்லை. அந்த இயந்திரத்தை எந்தத் திசை பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று யாராவது கேட்டதுண்டா?

நிற்க, அவ்வளவு பெரிய காந்தம் கல்லிலிருந்து வெட்டி எடுத்ததல்ல. கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடுவதால் உண்டாவது. கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்திலுள்ள காந்த ஊசி அசைகின்றது என்பதை டென்மார்க்கில் அயர்ஸ்டெட் 1820-ல் கண்டார். 1825-ல் ஸ்டர்ஜன் இரும்பு லாடத்தில் கம்பியைச் சுற்றி, மின்சாரம் உள்ளவரை மட்டும் காந்தமாயிருக்கும் கருவியைச் செய்தார். காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் காட்டியவர் பாரடே. ஸ்டர்ஜன் செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர். பாரடே கொல்லர் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். நமது நாட்டில் பிறந்திருந்தால் இவர்களை எந்தத் தெருவில் நிறுத்தியிருப்போம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விருவர் கண்டதும் உங்கள் பக்கத்திலேயே நடக்கின்றது. பாடியில் 1961-ல் ஏற்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையில் வண்டிகளுக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறார்கள்; அதில் மின்சாரம் காந்தமாகி இஞ்சினைச் சுழற்றுகின்றது. ஆல்டர்னேட்டரும் செய்கிறார்கள், அதில் காந்தம் சுழன்று மின்சாரமாகின்றது. ஆவடிக்கு ஓடும் மின்சார ரயிலும், நம் தலைக்கு மேல் சுற்றும் விசிறியும் காந்தத்தால் ஓடுகிறவையே. பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அது காந்த ஊசிகளைக் கலைத்துவிடும் என்று கொலாபா ஆராய்ச்சி நிலையத்தின் அளவு வேலையை 1904-ல் அலிபாக்கிற்கே மாற்றினார்கள். ஊசிக்கு அவ்வளவு தொல்லை. டிராமில் ஏறிப் போன மனிதருக்கு ஒன்றும் இல்லை. ரயில் வண்டியில் எத்திசையில் தலை வைத்துத் தூங்கலாம் என்று இதுவரை யாரும் கேட்கக் காணோம்.

அந்தப் பூந்தமல்லி வீட்டில் அன்று பையனையே தொட்டியில் தண்ணீர் பிடித்துவரச் சொன்னோம். பள்ளியில் கொடுத்த சிறு காந்தம் அவனிடம் இருந்தது. ஊசி திரும்பி நின்றது. கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்தான். வடக்குக் கரைக்கு அது போகவே இல்லை. தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, அக்காள் படுக்கையின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறு முனையை நாம் பிடித்தோம். தலைமாடு ஜன்னலடிக்கு வந்தது. பாட்டியம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. தம் பாயை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்.