அமெரிக்கத் தேர்தலும் அந்தியூர் பசங்களும்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

அந்தியூர்ல இருந்து பேசறேன். போன எபிசோடுல குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையப் பத்திப் பேசினதுக்கு நிறையப் பேர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தீங்க. நன்றி. இன்னைக்குக் கொஞ்சம் தூரமான விஷயம். தூரம்னு தான் நானும் நெனச்சுட்டு இருந்தேன்.

சாயங்காலத்துல நான் ஒரு பயிற்சி வகுப்பு எடுக்கறது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். டிஎன்பிஎஸ்சி குரூப் ஃபோர், போலீஸ் தேர்வு, அந்த மாதிரி. வர்ற பசங்க எல்லாம் சுத்துப்பட்டுப் பசங்க. காலேஜ் போறவங்க, முடிச்சுட்டு வீட்ல இருக்கறவங்க, பகல்ல வேலைக்குப் போயிட்டு வர்றவங்க. 2024 அக்டோபர்ல நடப்பு நிகழ்வு எடுக்கறப்ப அமெரிக்கத் தேர்தல் வந்துச்சு. எல்லாரும் தூங்கி வழியறாங்க. சரி, சுவாரஸ்யமா இருக்கட்டும்னு ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்தேன். "நீங்க அமெரிக்காவுல இருந்தா யாருக்கு ஓட்டு? பேரு எழுதுங்க, கீழ காரணம் எழுதுங்க."

அதுக்கு முன்னாடி முறையச் சொல்லிக் கொடுக்கணும் இல்லைங்களா. அதுக்கே ஒரு மணி நேரம் போச்சு. மொத்தம் 538 எலெக்டோரல் ஓட்டு, 270 வாங்கினா ஜெயிப்புன்னு சொன்னா யாருக்கும் ஏறல. அப்புறம் இப்படிச் சொன்னேன்: நம்ம ஈரோடு மாவட்டத்துல 8 சட்டமன்றத் தொகுதி. மாவட்டம் முழுக்க ஓட்ட ஒண்ணா எண்ணி, ஒரு ஓட்டு அதிகம் வாங்கினவருக்கே 8 தொகுதியும்னு கொடுத்தா எப்படி இருக்கும்? சேலத்துல 11, கோயம்புத்தூர்ல 10, அதுவும் அப்படியே. அங்க மெய்ன், நெப்ராஸ்கா ரெண்டு மாநிலம் தவிர எல்லா மாநிலத்துலயும் இதுதான் கணக்கு. 2016-ல ஹிலாரி கிளிண்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கு மேல ஓட்டு அதிகம் வாங்கியும் தோத்தது இதனாலதான். "அது அநியாயமுங்க சார்"னு ஒரு பாப்பா எந்திரிச்சுச்சு. நம்ம ஊர்ல ஓட்டு சதவீதத்துக்கும் சீட்டுக்கும் சம்பந்தம் இருக்குதாம்மிணின்னு கேட்டேன். உக்காந்துருச்சு.

வேட்பாளர்னு பேச்சு வந்தா நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இன்னொரு கதை இருக்குதுங்க. 1996-ல மொடக்குறிச்சியில 1,033 பேர் நின்னாங்க. விவசாயிங்க பிரச்சினைய யாரும் காதுல வாங்கலைன்னு கூட்டமா வந்து வேட்புமனு போட்டது. வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிச்சாங்க, தேர்தலையே தள்ளி வெச்சாங்க. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயா இருந்த டெபாசிட் 5,000 ஆனது அந்த வருசம் தான். பசங்க யாருக்கும் இது தெரியல. அமெரிக்கா தெரியுது, மொடக்குறிச்சி தெரியல. சரி விடுங்க, வழி மாறிப் போயிட்டேன்.

சீட்டப் பிரிச்சா, பாதிக்கு மேல கமலா ஹாரிஸ். காரணம் பூரா ஒண்ணேதான்: "நம்ம தமிழ்நாட்டுக்காரங்க." அவங்க அம்மா சியாமளா கோபாலன், தாத்தா பி.வி. கோபாலன், ஊரு திருவாரூர் மாவட்டத்துல மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். அந்த ஊர் தர்மசாஸ்தா கோயில்ல நன்கொடை கொடுத்தவங்க பட்டியல்ல இவங்க பேரு கல்லுல இருக்குது. 2020-ல கட்சி மாநாட்டு மேடையில நின்னு பேசறப்ப 'சித்தி'ங்கற வார்த்தைய அப்படியே சொன்னாங்க. அது எல்லாம் பசங்களுக்கு ரீல்ஸ்ல வந்து மனப்பாடம்.

இதுல ஒரு சண்டை வந்துச்சு பாருங்க. ஒரு பையன் எழுதியிருந்தான், "அவங்க அப்புச்சி ஊரு நம்ம ஊரு, அதனால." பின்னாடி இருந்து ஒரு புள்ள, "அப்புச்சி ஊருன்னா? நமக்கு என்ன ஒறம்பரையா? என்ற அப்புச்சி ஊரு கவுந்தப்பாடி. அங்க ஒரு பஞ்சாயத்து மெம்பருக்குக் கூட நான் யாருன்னு தெரியாது"ன்னுச்சு. வகுப்பே சிரிச்சுது. ஆனா நியாயமான கேள்விதானுங்களே. சியாமளா அம்மா 19 வயசுல, 1958-ல, பெர்க்லிக்குப் படிக்கப் போனவங்க. மக பொறந்தது 1964-ல, ஓக்லாந்துல. அவங்க போட்டியிட்டது அந்த ஊர் ஜனங்களுக்காக.

அதே புள்ளையும் கமலாவுக்குத்தான் எழுதியிருந்துச்சு. காரணம் மட்டும் வேற. நர்சிங் படிக்கற புள்ள. 2022 ஜூன்ல அங்க உச்சநீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்ப ரத்து பண்ணினதப் பத்தி எழுதி, "இதப் பத்திப் பயப்படாம பேசறவங்க இவங்கதான்"னு முடிச்சிருந்துச்சு. இன்னொரு பாப்பா, "இலங்கையில 1960-லயே சிறிமாவோ, நமக்கு 1966-லயே இந்திரா. அமெரிக்காவுக்கு இன்னும் ஒரு பொம்பள கெடைக்கலையா?"ன்னு எழுதியிருந்துச்சு. அதுல தேதி ரெண்டும் சரியா இருந்ததுல எனக்குத் தனி சந்தோசம்.

ஒருத்தன் எலான் மஸ்க்னு எழுதியிருந்தான். அவர் வேட்பாளரே இல்ல, தென்னாப்பிரிக்காவுல பொறந்தவரு, நிக்கவும் முடியாது. கொடிக்கால் வெச்சிருக்கற வீட்டுப் புள்ள ஒண்ணு நோட்டா. "யாரு வந்தாலும் வெத்தலை விலைய எங்க சந்தைதான் முடிவு பண்ணும்." நெவாடா மாநிலத்துல மட்டும் நம்ம நோட்டா மாதிரி ஒண்ணு வாக்குச்சீட்டுல இருக்குதுன்னு சொன்னேன். "அப்ப நான் நெவாடா"ன்னுருச்சு.

ட்ரம்புக்கு ஓட்டு கொஞ்சம்தான். அதுல ஒருத்தியோட பெரியப்பா மகன் டாலஸ்ல ஐடி வேலை. "அண்ணன் வீட்ல எல்லாரும் ட்ரம்ப்னு சொல்றாங்க." அண்ணனுக்கு எச்-1பி விசாதானே, அவருக்கே ஓட்டு இல்லையேம்மான்னு சொன்னேன். அது அந்தப் புள்ளைக்குப் புது சேதி.

இன்னொருத்தன் சீட்டு தான் இன்னைக்கு நான் இந்த எபிசோடு பேசறதுக்கே காரணம். பேரு வேண்டாம், தம்பின்னே சொல்றேன். அவங்க அப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனி டெய்லர். அங்கயே ரூம் எடுத்துத் தங்கிட்டு, சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு ராத்திரி பஸ்ல வந்துட்டு, திங்கக்கிழமை விடியால கெளம்பிப் போயிருவாரு. இந்தப் பக்கம் எத்தனையோ வீட்ல இப்படித்தான். அந்தியூரு ஈரோடு மாவட்டமா இருந்தாலும் பாராளுமன்றத்துக்குத் திருப்பூர் தொகுதி. பொழப்புக்கும் அப்படித்தான்.

தம்பி எழுதியிருந்தான்: "ட்ரம்ப். சீனாப் பொருளுக்கு 60 சதவீதம் வரி போடறேன்னு சொல்லியிருக்காரு. போட்டா அந்த ஆர்டர் திருப்பூருக்கு வரும். பங்களாதேசும் இப்ப சரியில்ல. அப்பாவுக்கு ஒன்றரை ஷிப்ட் நிக்காம ஓடும்."

எனக்கு ஆச்சரியமுங்க. மத்தவங்க சாதி சனம் பாக்கற மாதிரி ஊரப் பாத்து எழுதியிருக்கறப்ப, இவன் வீட்டு வருமானத்தையும் உலக வர்த்தகத்தையும் கோத்து நாலு வரி எழுதியிருக்கான். அவன எந்திரிச்சு நிக்கச் சொல்லி, எல்லாரும் கைதட்டுங்கடான்னேன். "இதுதான் பதில், இப்படித்தான் யோசிக்கணும்"னு சொன்னேன். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

நவம்பர் 5 தேர்தல். நமக்கு 6-ம் தேதி புதன்கிழமை பகல்ல முடிவு தெரிஞ்சுது. ட்ரம்ப் 312, கமலா 226. துளசேந்திரபுரத்துல பூஜை போட்டவங்களும் வருத்தப்பட்டாங்க. தம்பி அன்னைக்குச் சாயங்காலம் கடலை மிட்டாய் வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் கொடுத்தான்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2025 ஆகஸ்ட் 7-ல இருந்து இந்தியப் பொருளுக்கு 25 சதவீதம் போட்டாங்க. ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்கறதுக்காக ஆகஸ்ட் 27-ல இருந்து இன்னொரு 25 போட்டாங்க. பருத்தி டி-சர்ட்டுக்கு ஏற்கனவே 16.5 இருக்குது. கூட்டினா 66.5 ஆச்சு. வியட்நாமுக்கும் பங்களாதேசுக்கும் அப்ப 20 தான் கூடுதலா இருந்துச்சு. திருப்பூர் ஏற்றுமதியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகுது. அங்க இருக்கற வியாபாரி என்ன பண்ணுவான்? ஆர்டர நிறுத்தி வைங்கன்னான், இல்லாட்டி வரியில பாதிய நீ ஏத்துக்கன்னான்.

தம்பியோட அப்பா வேலை செய்யற கம்பெனி அமெரிக்கா ஆர்டர நம்பி ஓடறது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆச்சு. அப்புறம் வாரத்துல நாலு நாள். ரூம் வாடகையும் பஸ்ஸுக்கும் போக என்ன மிஞ்சும்? செப்டம்பர்ல தம்பி வகுப்புக்கு வர்றத நிறுத்திட்டான். பெருந்துறைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போறான்னு சொன்னாங்க. கூடப் படிக்கற பசங்க கேலி வேற. "உன்ற ட்ரம்ப் என்னடா பண்ணிட்டாரு, மிட்டாயத் திருப்பிக் கொடுக்கட்டா?" பசங்க வெளையாட்டுக்குத்தான் சொல்றாங்க. ஆனா எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா அவனுக்குக் கைதட்டச் சொன்னது நானு.

இங்க என்ற தப்பச் சொல்லணுமுங்க. அந்த அக்டோபர்லயே ட்ரம்ப் சீனாவுக்கு 60-ன்னு மட்டும் சொல்லல. எல்லா நாட்டுப் பொருளுக்கும் 10, 20 சதவீதம் போடுவேன்னும் மேடைக்கு மேடை சொல்லிட்டுத்தான் இருந்தாரு. வரி போடறதுல இந்தியாதான் ரொம்ப மோசம்னு அதே மாசம் பேசினாரு. 2019 ஜூன்ல நமக்கு இருந்த ஜிஎஸ்பி சலுகைய எடுத்தவரும் அவர்தான். இது எல்லாம் எனக்குத் தெரியும். என்ற நோட்டுல எழுதியே வெச்சிருந்தேன். ஆனா பையன் நல்லா எழுதிட்டான்கற சந்தோசத்துல, "மீதிப் பாதிய யாரு படிப்பா?"ன்னு ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன். கமலாவுக்குப் போட்டவங்க ஊரப் பாத்தாங்க. அவன் வாக்குறுதியில தனக்குப் பிடிச்ச பாதியப் பாத்தான். ரெண்டும் ஒரே மாதிரிதான்னு எனக்கு இப்பத்தான் தெரியுது.

ஒரு ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா வாசல்ல கட்டில் போட்டு உக்காந்திருந்தாரு. "வாங்க சார், உக்காருங்க"ன்னு எந்திரிச்சுட்டாரு. எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. காப்பி குடிச்சுட்டு, சுத்தி வளைச்சு, அன்னைக்கு நான் சொன்னது அரைகுறைன்னு தம்பிகிட்ட ஒத்துக்கிட்டேன். அவன் சிரிச்சான். "நான் போட்டது துண்டுச் சீட்டுதானுங்க சார். நான் போடாட்டியும் அவரு ஜெயிச்சிருப்பாரு."

அப்புறம் கேட்டான்: "கமலா வந்திருந்தா இந்த வரி வந்திருக்காதுங்களா?"

இந்தத் தடவை அவசரப்படக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டு, ரெண்டு பக்கமும் சொன்னேன். ஒரே மாசத்துல 50 சதவீதம்னு வந்திருக்காதுன்னு தான் நான் நெனக்கறேன். எல்லாப் பொருளுக்கும் வரிங்கறத அந்தம்மா பிரசாரத்துலயே எதிர்த்துப் பேசினாங்க. ஆனா பைடன் வந்தப்ப, ட்ரம்ப் சீனா மேல போட்ட வரிய எடுக்கல. சீன மின்சாரக் காருக்கு 100 சதவீதம்னு ஏத்தினாரு. நம்ம ஜிஎஸ்பி சலுகையும் திரும்பி வரல. அதனால கமலா வந்திருந்தா நமக்கு எல்லாம் நல்லபடியா இருந்திருக்கும்னு எழுதிக் கொடுக்க என்னால முடியாது. அவங்க அப்பா இதக் கேட்டுட்டு இருந்துட்டு, "அவிய அவிய ஊருக்குப் பாக்கறாங்க சார், நாம நூலப் பாக்கணும்"னாரு. அப்புறம் நூல் விலையப் பத்தி அரை மணி நேரம் பேசினாரு. அதுல பாதி எனக்குப் புரியல.

டாலஸ் அண்ணன் இருக்காருன்னு சொன்ன புள்ள, செப்டம்பர்ல புது எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர்னு அறிவிப்பு வந்த அன்னைக்கு என்கிட்டக் கேட்டுச்சு, "சார், அந்தச் சீட்டெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்களா?"ன்னு. வெச்சிருக்கேன். ரப்பர் பேண்டு போட்டு பீரோவுல இருக்குது. எல்லாருக்கும் அவங்கவங்க சீட்டத் திருப்பிக் கொடுத்து, அதுக்குப் பின்பக்கம் இன்னைக்கு என்ன நெனக்கறீங்கன்னு எழுதச் சொன்னேன். கமலான்னு எழுதினதுல சிலது ட்ரம்பத் திட்டறதா மாறியிருந்துச்சு. அது கருத்து மாறினதா கோவமான்னு பிரிக்க முடியல. நர்சிங் புள்ள ஒரு வரியும் மாத்தல. நோட்டா புள்ள மட்டும், "வெத்தலைக்கு இன்னும் வரி இல்ல"ன்னு எழுதி ஒரு சிரிப்பு பொம்மை போட்டிருந்துச்சு.

தம்பி சீட்டு என்கிட்டயேதான் இருக்குது. நைட் ஷிப்ட் இல்லாத நாள்ல, செவ்வாயும் வெள்ளியும், இப்பத் திரும்ப வர்றான். விட்டுப்போன பாடத்துக்குப் பகல்ல தனியா அரை மணி நேரம் உக்காரறோம். போன வெள்ளிக்கிழமை சீட்டக் கொடுத்தேன். பின்பக்கம் இப்பவே எழுத மாட்டேன், 2026-ல நம்ம சட்டமன்றத் தேர்தலுக்குச் சீட்டுக் கொடுப்பீங்கல்ல, ரெண்டையும் சேத்து எழுதறேன்னு மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டான்.