சேது அணியும் நானும்



ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளிலே பல்லாயிரம் பெண்கள் உழைக்கின்றனர். அவர்தம் கைத்திறனை நாடறியும். பெண்களின் கால்திறனையோ, மதுரைச் சேது கால்பந்துக் கழகம் எனக்குக் காட்டிற்று. 2019 மே மாதம் லூதியானாவில், மணிப்பூர்க் காவல்துறை அணியை 3-1 என வென்று, இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை அது பெற்றது. அவ்வணிக்காக ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் காவல்துறைப் பணியாளர். உழைப்புக்கும் ஆட்டத்துக்கும் பகையில்லை என்பதற்கு அவரே சான்று.

2022 மே மாதம், கோகுலம் கேரள அணியிடம் அதே 3-1 கணக்கில் சேது தோற்றுக் கோப்பையை இழந்தது. அன்றுதான் என் பற்று உறுதிப்பட்டது. வென்றவரைப் போற்ற ஊரே திரளும். தோற்றவருக்கு அன்பர் சிலரே துணை. உங்கள் ஊர்ப் பெண்கள் ஆடும்போது, வெற்றி தோல்வி பாராது மைதானத்திற்குச் செல்லுங்கள். காண்பார் இருந்தால்தான் ஆட்டம் வளரும்.