கட்டை இறங்கும் வயது



"வளரும் பிள்ளைகளின் குரலும் நாடக மேடைப் பாட்டும், ஐந்து வயது முதல் இருபது வயது வரை" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நேரம் பதினைந்து நிமிடம். இந்த ஐந்துக்கும் இருபதுக்கும் நடுவில் எனக்குப் பிடித்த வயது பதின்மூன்று. மற்ற வயதுக்காரர்கள் இன்றைக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அப்பா நாடகத்துக்குப் பெட்டி வாசித்தவர். ஆர்மோனியத்தை எங்கள் பக்கம் பெட்டி என்றுதான் சொல்வோம். புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழா என்றால் வள்ளி திருமணம் இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்துக் கிழக்கு வெளுக்கும்வரை நடக்கும். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பெட்டி என் மடிக்கு வந்தது. இப்போது சனி, ஞாயிறுகளில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு நாடகப் பாட்டுச் சொல்லித் தருகிறேன்.

ஆறு வருடத்துக்கு முந்தி அந்தத் திண்ணைக்கு ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். பதினொரு வயதில் வந்தவன். ஐந்து கட்டையில் சும்மா நின்று பாடுவான்.

கட்டை என்றால் என்ன என்று கேட்கிற நேயர்களுக்காக ஒரு வார்த்தை. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தான் இந்தக் கணக்கு. முதல் வெள்ளையைச் சட்ஜமமாக வைத்துக்கொண்டால் ஒரு கட்டை, அடுத்ததை வைத்துக்கொண்டால் இரண்டு கட்டை. நடுவில் இருக்கிற கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு கிடையாது. அதனால் மூன்றரைக் கட்டை என்று உலகத்தில் ஒன்று இல்லை. யாராவது "நான் மூன்றரைக் கட்டையில் பாடுவேன்" என்று சொன்னால், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன் கதைக்கு வருகிறேன். அவனுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது ஒரு பங்குனித் திருவிழாவில் நாரதர் வேஷம். நாரதர் முதலில் படுதாவுக்குப் பின்னால் இருந்து பாடுவார். முகம் தெரியாது, குரல்தான் முதலில் சபைக்கு வரும். நான் ஐந்து கட்டையில் சுருதி கொடுத்தேன். கீழே நன்றாகத்தான் ஆரம்பித்தான். மேல் சட்ஜமத்துக்கு ஏறினான் பாருங்கள், குரல் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு பாதி ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்திற்று, இன்னொரு பாதி காற்றாகப் போயிற்று. சபையில் சிரிப்பு. முன்வரிசையில் ஒரு அம்மா, "பாவம்டி புள்ள" என்றது எனக்குக் கேட்டது.

நான் சட்டென்று இரண்டு கட்டைக்கு இறக்கினேன். இறக்கலாமா? என் பெட்டியில் விரலை மாற்றி வைத்தால் தீர்ந்தது. பக்கத்தில் இருக்கிற மிருதங்கம் ஐந்து கட்டைக்குச் சுருதி சேர்த்தது. வாரையும் விளிம்பையும் தட்டி அரைக் கட்டை கூட்டலாம், குறைக்கலாம். மூன்று கட்டை இறக்க வேறு மிருதங்கம்தான் வேண்டும். மிருதங்கக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இந்த வானொலியில் சொல்ல முடியாது.

காப்பாற்றியவர் பபூன். கூப்பிடாமலே மேடைக்கு வந்து, படுதாவைப் பார்த்து, "என்ன நாரதரே, கலகத்தைத் தொண்டையிலேயே ஆரம்பிச்சுட்டீரா?" என்றார். சபை குலுங்கிற்று. அந்தச் சிரிப்பில் பையன் தைரியமாக வெளியே வந்து, மிச்சத்தை வசனமாகவே ஓட்டிவிட்டான்.

காட்சி முடிந்து உள்ளே போனேன். வேஷப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அரிதாரத்தில் இரண்டு கோடு இறங்கியிருந்தது. "சத்தியமா ஐஸ் சாப்பிடல வாத்தியாரே. பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. அம்மா மெளகுப் பால்தான் குடுத்துச்சு" என்றான். தன் தப்பு என்ன என்று தேடிக்கொண்டிருந்தான்.

தப்பு என்னுடையது. இரண்டு மாதமாகவே அவன் வீட்டுக்குப் போன் செய்தால், எடுத்துப் பேசுகிறது அப்பாவா மகனா என்று எனக்குச் சந்தேகம் வரும். தெரிந்தும் சும்மா இருந்தேன். அந்த ஐந்து கட்டையை இன்னும் ஒரு திருவிழாவுக்கு வைத்துக்கொள்ள ஆசை.

இதற்குத்தான் மகரக்கட்டு என்று பெயர். இன்றைக்கு 'குரல் உடைகிறது' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. உண்மையில் எதுவும் உடைவதில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்து குரல்வளை வளர்கிறது. பையன்களுக்கு அது முன்பக்கம் துருத்திக்கொண்டு வெளியே தெரிகிறது. உள்ளே இருக்கிற குரல்நாண்கள், சிறு வயதில் சுமார் ஒரு சென்டிமீட்டர் இருந்தவை, நீண்டு தடித்து ஒன்றரையைத் தாண்டிவிடுகின்றன. ஐந்து கட்டை மேல் சட்ஜமத்தில் நிற்கிற தொண்டையில் அந்த நாண்கள் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 390 தடவை ஒன்றோடொன்று தட்டுகின்றன. இந்த வேலையை நேற்றுவரை குட்டைத் தந்தியில் செய்து பழகிய தசைக்கு, இன்று நீளமான தந்தியைக் கையில் கொடுத்து, அதே இடத்தில் விரல் வை என்றால் எங்கே போகும்? வழுக்கத்தான் செய்யும். எல்லாம் முடிகிறபோது பையனின் பேச்சுக்குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கியிருக்கும். சிலருக்கு ஆறு மாதத்தில் முடியும், சிலருக்கு இரண்டு வருடம் இழுக்கும்.

பழைய பாய்ஸ் கம்பெனிகளை நினைத்துப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ராஜா, ராணி, மந்திரி எல்லா வேஷமும் பையன்களுக்குத்தான். ஆறு வயதில் அங்கே சேர்ந்தவர்தான் டி. கே. சண்முகம். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருக்கிறவனுக்குப் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் மேல் கட்டைதான் வழி. அந்தக் கட்டை பையன்களிடம் இருந்தது. இருந்தது என்றால், பதின்மூன்று வயதுவரை. நேற்றுவரை ஸ்திரீபார்ட்டாகக் கொடிகட்டிப் பறந்தவன், குரல் போனதும் ஓரமாக வேல் பிடித்து நிற்பான், இல்லாவிட்டால் ஊருக்கு ரயில் ஏறுவான்.

ஆனால் சுவாமிகளிடம் நான் கற்றுக்கொண்டது வேறு ஒன்று. சண்முகத்துக்காக அவர் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை, பாட்டும் வசனமுமாக, ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். எல்லோரும் அந்த ஒரே இரவைச் சொல்லி வியப்பார்கள். எனக்கு வியப்பு, கையில் இருந்த பையனுக்காக எழுதினார் என்பதில். அந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் குரல் பேசுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று பக்கத்திலிருந்து கேட்டவர் எழுதிய பாட்டு அது. வேஷம் பிள்ளையிடம் வந்தது. அத்தனை பிள்ளைகளுக்குக் குரல் கொடுத்த அந்த மனிதருக்குக் கடைசியில் வாதநோய் வந்து பேச்சே போய்விட்டது. 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார்.

அந்தச் சண்முகத்துக்கும் மகரக்கட்டு வந்துதானே போயிருக்கும்? போன பிறகும் மேடையில் இருந்தார். முப்பது வயதில் கிழவி வேஷம் கட்டிப் பாடி, 'ஔவை' என்று பெயருக்கு முன்னால் பட்டமே சேர்த்துக்கொண்டார்.

இங்கே யாராவது கிட்டப்பாவைச் சொல்வீர்கள், தெரியும். செங்கோட்டை கிட்டப்பா ஆண்பிள்ளைதான், வளர்ந்த பிறகும் ஐந்தரைக் கட்டை என்பார்கள். இசைத்தட்டில் இன்றும் கேட்கலாம், மெய்சிலிர்க்கும். 1933-இல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். ஐயா, ஆயிரத்தில் ஒரு தொண்டை அது. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு எத்தனை பையன்கள் தொண்டையைக் கிழித்துக்கொண்டார்களோ. என் அப்பாவிடம் வருகிற பையன்கள் எல்லோரும் முதல் நாளே "ஐந்தரை வைங்க" என்பார்களாம். அப்பா நாலில் வைத்துவிட்டு "ஐந்தரை" என்பார். பாடிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்கள்.

கே. பி. சுந்தராம்பாள் கதை இன்னும் சுவாரஸ்யம். சிறுமியாக நாடகத்துக்கு வந்தவர் போட்ட முதல் வேஷங்களில் ஒன்று ஆண்பிள்ளை வேஷம். நல்லதங்காளின் மூத்த மகன், பசியில் அழுகிற பிள்ளை. பிறகு 1935-இல் சினிமாவில் நந்தனாராகவே நடித்தார், அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். மகரக்கட்டுக்கு முந்திய பையனும் வளர்ந்த பெண்ணும் ஏறக்குறைய ஒரே கட்டையில் பாடுகிறவர்கள். அதனால்தான் மேடையில் இந்த மாற்றம் உறுத்தவில்லை.

சரி, மகரக்கட்டில் பாடலாமா, கூடாதா? இது வெளிநாட்டிலும் பழைய சண்டை. குரல்வளையைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் வழியை 1850-களில் கண்டுபிடித்த பாட்டு வாத்தியார் மானுவல் கார்சியா, அந்தக் காலத்தில் ஓய்வுதான் வேண்டும் என்றார். லண்டன் தொண்டை வைத்தியர் மோரல் மெக்கன்சி, அளவாகப் பாடினால் ஒன்றும் ஆகாது என்றார். இன்றைக்குப் பெரும்பாலான ஆசிரியர்கள் மெக்கன்சி பக்கம். நானும்தான். பாடட்டும், ஆனால் இருக்கிற குரலில் பாடட்டும்.

இருக்கிற குரலை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் செய்து பாருங்கள். பாடச் சொல்லாதீர்கள். பாடச் சொன்னால் பிள்ளை பொய் சொல்லும், பழைய கட்டையைத் தேடிப் போகும். "தெருக் கோடியில் உன் தம்பி நிக்கிறான், சாப்பிடக் கூப்பிடு" என்று சொல்லுங்கள். "டேய், வாடா!" என்று கூப்பிடுவான் அல்லவா, அந்த "வா" எந்தக் கட்டையில் நிற்கிறது என்று பெட்டியில் தொட்டுப் பாருங்கள். இன்றைய தேதிக்கு அதுதான் அவனுடைய கூரை. பாட்டின் உச்சி அதற்குக் கீழேயே இருக்கட்டும். அடுத்த மாதம் மறுபடி கூப்பிடச் சொல்லுங்கள், கூரை மாறியிருக்கும். நான் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். அந்தப் பையனின் பக்கத்தில் பங்குனிக்கு அப்புறம் நாலு, மூன்று, இரண்டரை, திரும்ப மூன்று, இரண்டு என்று ஏணியும் பாம்புமாக இருக்கும்.

நாடகப் பாட்டில் ஒரு சௌகரியம் உண்டு. கச்சேரியில் குரல் வழுக்கினால் ஒளிய இடம் இல்லை. நாடகத்தில் பாட்டு வசனத்திலிருந்து பிறக்கிறது, திரும்ப வசனத்திலேயே போய் முடிகிறது. ஏறமுடியாத இடத்தைப் பேசிவிடலாம். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தில் பாதி பேச்சுத்தான். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் தர்க்கத்தைத்தான் கொடுக்கிறேன். எழுத்து சுத்தமாக விழ வேண்டும், நடந்துகொண்டே மூச்சை எங்கே வாங்குவது என்று தெரிய வேண்டும். உச்சி பிறகு வரும்.

பெண்பிள்ளைகளை விட்டுவிட்டேன் என்று யாரோ முணுமுணுக்கிறீர்கள். அவர்களுக்கும் குரல் மாறுகிறது. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைதான் இறங்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. குரலில் காற்றுக் கலந்து வரும், சுருதி நழுவும். 'சாதகம் போதாது' என்று திட்டு விழும். ஒரு பதினான்கு வயதுப் பெண், டிவியில் பாடுகிற பிள்ளை மாதிரி ஒரிஜினல் டிராக்கிலேயே பாடியாக வேண்டும் என்று அம்மா பிடிவாதம். ஆறு வாரத்தில் குரல் கரகரத்துவிட்டது. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். மண்வெட்டி பிடித்த கையில் விழுமே, அதே மாதிரி. மூன்று மாதம் கத்தக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பேச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டும். டிராக்கை இரண்டு கட்டை இறக்க, கைபேசியில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்தார் இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம். ஐந்து வயதுப் பிள்ளைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: பாட்டை விளையாட்டாக விடுங்கள், பெரியவர் கட்டையில் இழுக்காதீர்கள். பதினேழு, பதினெட்டு: குரல் நிலைக்கு வந்துவிட்டது என்று தோன்றும், அதற்கு அப்புறமும் சில வருடம் கனம் கூடிக்கொண்டேதான் இருக்கும், பெரிய வேஷத்துக்கு அவசரம் வேண்டாம்.

அந்தப் பையனுக்கு இப்போது பத்தொன்பது. வருகிற பங்குனியில் அதே ஊர், அதே மேடை. வேலன், வேடன், விருத்தன் மூன்றும் அவன்தான். கட்டை இரண்டு. வள்ளியாக வருகிற பெண்ணுக்கு ஐந்து. இரண்டு கட்டைக்காரனுடைய மத்திமம்தான் ஐந்து கட்டைக்காரியின் சட்ஜமம், அதனால் தர்க்கத்தில் பெட்டிக்குச் சிரமம் இல்லை. சிரமம் எல்லாம் மிருதங்கத்துக்கு. அதே மிருதங்கக்காரர்தான் வருகிறார். நேற்று போனில், "ரெண்டு மிருதங்கம் கொண்டாறேன். ஆனா எந்தப் பாட்டுக்கு எத்தனை கட்டைன்னு இப்பவே எழுதிக் குடுத்துரு" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் வருகிற நேயர்கள், பத்து மணிக்கு முன்னால் வந்தால் பாய் விரிக்க இடம் கிடைக்கும்.