கடிகார வில்லும் கார் பெல்ட்டும்

சாவி கொடுக்கிற அலாரம் கடிகாரம் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கலாம். அதைத் திருகும்போது கரகரவென்று இறுகுகிறதே, அது ஒரு நீளமான எஃகுப் பட்டை. வட்டமாகச் சுருண்டிருக்கும் இந்தப் பட்டைதான் கடிகார வில். மறுபடி விரியத் துடிக்கும் அதன் விசையில்தான் பல்சக்கரங்கள் ஓடுகின்றன. அந்தப் பட்டையைச் செய்தே வளர்ந்த ஒரு ஜெர்மன் கம்பெனியைப் பற்றி இன்று பேசலாம்.

ஜெர்மனியின் கருங்காட்டு மலைகளுக்கு நடுவே, ஐந்து பள்ளத்தாக்குகளில் பரந்து கிடக்கும் ஊர் ஷ்ராம்பெர்க். 1861-இல் எர்ஹார்ட் யுங்ஹான்ஸ் அங்கே தொடங்கிய தொழிற்சாலை, 1903-இல் உலகின் மிகப் பெரிய கடிகாரத் தொழிற்சாலை என்று பெயர் வாங்கியது. 3,000 பேருக்கு மேல் அதில் வேலை பார்த்தார்கள். அதே ஊரில் 1888-இல் ஹூகோ கெர்ன் என்பவர் கடிகார வில் செய்ய ஆரம்பித்தார். கெர்ன்-லீபெர்ஸ் என்ற இன்றைய கம்பெனியின் தொடக்கம் அதுதான்.

வில் செய்வது சின்ன வேலை இல்லை. எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால் கடினமாகும், ஆனால் கண்ணாடி மாதிரி உடைந்துபோகும். அதனால் மறுபடியும் சுமார் 300 டிகிரிக்கு இதமாகச் சூடேற்றுவார்கள். பளபளப்பான எஃகின் மேல் நீல நிறம் ஏறும். அந்த நிறமே பக்குவத்துக்கு அடையாளம். சூடு குறைந்தால் வில் முறியும்; கூடினால் துவண்டுவிடும், கடிகாரம் நாள் முழுக்க ஓடாது. முறுக்கேறி நிற்கும்போது வில் அறுந்தால், அந்த உதறலில் சக்கரத்தின் பல்லும் சேர்ந்து போகும். பழைய ரிப்பேர்க்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீகோ கம்பெனி, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேட்டரி வந்தபின் வில்லுக்கு வேலை ஏது? கடிகார ஊர்கள் பல ஆடிப்போயின. ஆனால் கெர்ன்-லீபெர்ஸ்காரர்களின் உண்மையான கைத்தொழில் கடிகாரம் அல்ல, மெல்லிய எஃகுப் பட்டை. அது எங்கும் செல்லுபடியாகும். காரில் சீட் பெல்ட்டை விட்டதும் சர்ரென்று உள்ளே இழுத்துக்கொள்கிறதல்லவா? அங்கேயும் இருப்பது அதே சுருள்வில்தான். 1976-இல் மேற்கு ஜெர்மனி முன் இருக்கைக்கு பெல்ட்டைக் கட்டாயமாக்கியது. கடிகார வில் செய்த கம்பெனி, பெல்ட் வில்லில் பெரும் பெயர் எடுத்தது. பின்னல் இயந்திரங்களுக்கான உதிரிகளும் செய்தது.

கதையில் எனக்குப் பிடித்த திருப்பம் இனிமேல்தான். 2008-இல் யுங்ஹான்ஸ் கடிகாரக் கம்பெனி திவாலானது. அடுத்த ஆண்டே அதை விலைக்கு வாங்கியவர்கள், கெர்ன்-லீபெர்ஸை நெடுங்காலம் நடத்திய ஹான்ஸ்-யோகெம் ஸ்டைமும் அவர் மகன் ஹான்னெஸும். வில் செய்து கொடுத்த வீட்டுக்குக் கடிகாரக் கம்பெனியே வந்து சேர்ந்துவிட்டது! மாக்ஸ் பில் என்ற கலைஞர் வடிவமைத்து 1961-இல் வெளிவந்த கைக்கடிகாரத்தை யுங்ஹான்ஸ் சாவி கொடுக்கும் வகையிலும் விற்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் ஓடும் இயந்திரத்தின் மூலம் சுவிட்சர்லாந்து.