வாசித்தால் போதுமா?



நம் வேலந்தாவளம் எல்லை ஊர். பல பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ். கடைப் பலகையில் மலையாளம். கேரளம் 1991-இல் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் ஆனது. அன்று பெரியவர்கள் படித்தார்கள். இன்று உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கிறார்களா?

2023-இல் 'அசர்' ஆய்வினர் 26 மாநிலங்களில் 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களைச் சோதித்தார்கள். கொடுத்தது இரண்டாம் வகுப்புப் பாடம். நான்கில் ஒருவர் தம் மொழியிலேயே தடுமாறினார்.

மனப்பாடம் செய்து மார்க் வாங்கலாம். அது வாசிப்பு ஆகாது.

எப்படிச் சோதிப்பது? பாடப்புத்தகம் வேண்டாம். செய்தித்தாளில் ஒரு பத்தி கொடுங்கள். சத்தமாக வாசிக்கட்டும். எழுத்தில் தடுமாறுகிறதா, சொல்லில் தடுமாறுகிறதா என்று பாருங்கள். பிறகு தாளை மூடச் சொல்லுங்கள். என்ன நடந்தது? ஏன் நடந்தது? சொந்தச் சொல்லில் சொல்லட்டும். கடகடவென்று வாசித்தும் சொல்லத் தெரியாவிட்டால், பொருள் புரியவில்லை. மெதுவாக மறுபடி வாசிக்க வேண்டும், பேச வேண்டும்.

எழுத்தே தடுமாறினால் எளிய கதைப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம். ஒன்பதாம் வகுப்பானாலும் அதில் வெட்கமில்லை.

திட்டாதீர்கள். தினமும் பத்து நிமிடம் அருகில் உட்காருங்கள். அறிவொளியில் படித்த தாயும் இதைச் செய்யலாம். பிள்ளை வாசிக்க, தாய் கேட்க, இருவரும் வளர்வார்கள்.